ஒரு மணி நேரம்தான் இருக்கிறது: கலைக்கூடத்தில் எந்தக் கண்காட்சிக்கு முதலில் போவது?

பெருநகரத்தை விட்டுத் தள்ளியிருக்கும் கலைக்கூடங்களில் எப்போது போனாலும் நாலு கண்காட்சிகள் ஓடிக்கொண்டிருக்கும். வாசலில் ஆளுயரப் பேனர் கட்டி, தனி டிக்கெட் போட்டு, ஊர் ஊராகப் போகும் சுற்றுக் கண்காட்சி ஒன்று. வட்டாரக் கலைஞர்களின் ஆண்டுக் கண்காட்சி இன்னொன்று. கூடத்தின் சொந்தத் தொகுப்பு எப்போதும் போல மாட்டியிருக்கும். அப்புறம், கழிவறைக்குத் திரும்பும் வழியில் மங்கலான வெளிச்சத்தோடு ஒரு சின்ன அறை. நீர்வண்ண ஓவியங்கள், அச்சுப் படங்கள் எல்லாம் அங்கேதான். கையில் ஒரு மணி நேரம் இருந்தால் பெரும்பாலானவர்கள் பேனர் காட்டும் பக்கம் போய்விடுவார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் போனேன்.

பேனர் கண்காட்சியைக் குறை சொல்வதற்கில்லை. தலைநகரத்துக்குப் போனால்தான் பார்க்கலாம் என்றிருந்த படம் பக்கத்திலேயே வந்து நிற்பது லேசான காரியமா? பிரான்சில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போன லான்ஸ் ஊரில் 2012-இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் ஒரு கிளையைத் திறந்தது. டெலக்ருவா 1830-இல் வரைந்த ‘மக்களை வழிநடத்தும் சுதந்திரம்’ பாரிஸை விட்டு அங்கே போய்த் தொங்கியது. (அடுத்த பிப்ரவரியில் யாரோ மார்க்கர் பேனாவால் அதன் கீழ்ப்பகுதியில் கிறுக்கிவிட்டார்கள். நல்லவேளை, மை வார்னிஷோடு நின்றது, துடைத்து எடுத்துவிட்டார்கள்.) ஆனால் இந்த மாதிரிப் படம் ஒன்று ஊர் மாறுவதென்றால் காப்பீடு, கூடவே வரும் காவலர், தனியாகச் செய்த மரப்பெட்டி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பெட்டி வந்த பிறகும் புது இடத்தின் காற்றுக்குப் பழக வழக்கமாக 24 மணி நேரம் திறக்காமல் வைத்திருப்பார்கள். அதனால் பேனரில் இருக்கும் பெயருடையவர் படம் மூன்றோ நாலோதான் வரும், மிச்சச் சுவரை அவர் நண்பர்களும் சீடர்களும் நிரப்புவார்கள். கூட்டமும் சேர்ந்துகொண்டால் முக்கியமான படத்தின் முன் நிற்கக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். கூட்டம் இல்லாவிட்டாலும் நாம் அதிகம் நிற்பதில்லை என்பது வேறு விஷயம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு படத்தின் முன் பாதிப்பேர் நின்றது 17 விநாடிக்கும் குறைவு. அதுவும் பெயர்பெற்ற படங்களுக்கு முன்னால்!

படமே இல்லாமல் சுவரெல்லாம் புரொஜெக்டரால் வான்கோவைப் பாய்ச்சும் ஒளிக்காட்சிகளைப் பற்றி ஒரு வரி போதும். வான்கோவின் வண்ணம் தடிப்பாக மேலெழுந்து நிற்கும். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அது வராது.

ஆண்டுக் கண்காட்சி நேர் எதிர். லண்டனில் ராயல் அகாதெமி 1769-இலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் நடத்திவரும் கோடைக் கண்காட்சியின் சாயல்தான் எங்கும்: யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், தேர்வுக்குழு பார்த்து எடுக்கும். குழுவின் கண் எப்போதும் சரியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 1863-இல் பாரிஸ் அரசுக் கண்காட்சியின் தேர்வுக்குழு தள்ளிவிட்ட படங்களைப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தனியாக மாட்டச் சொன்னார், அந்தக் குவியலில் பின்னால் பெரும்பெயர் பெற்ற ஓவியர்கள் மானேயும் விஸ்லரும் இருந்தார்கள். வட்டார ஆண்டுக் கண்காட்சியில் பாதிக்கு மேல் சுமார் ரகம், உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனாலும் இது ஒன்றில்தான் லேபிளில் சிவப்புப் பொட்டு இருக்கும், விற்றுப்போனதன் அடையாளம். மற்றவர்கள் எதை வாங்கியிருக்கிறார்கள் என்று பொட்டைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பது எனக்குத் தனிக் கண்காட்சி. பெரும்பாலும் நான் ஒத்துப்போவதில்லை. இதற்கு இருபது நிமிஷம் தாராளம்.

சொந்தத் தொகுப்பு எங்கும் ஓடிப்போகாது. அதன் பலமும் அதுதான், நாம் தள்ளிப்போடுவதும் அதனால்தான். இங்கே நான் லேபிளின் கடைசி வரியிலிருந்து தொடங்குவேன். பல கூடங்களில் பதிவு எண்ணின் முதல் பகுதி படம் வந்து சேர்ந்த வருஷம். 1931.12 என்றால் 1931-இல் வந்த பன்னிரண்டாவது பொருள். பக்கத்தில் ‘அன்பளிப்பு’ என்றோ ‘உயில்வழி வந்தது’ என்றோ இருக்கும். ஒரு சுவரை இப்படிப் படித்துக்கொண்டு போனால், எந்தக் காலத்தில் யார் எதை நல்ல படம் என்று நம்பினார்கள் என்பது புரிந்துவிடும். அப்புறம் பிடித்த ஒரு படத்தின் ஓரத்துக்குப் போய்ப் பக்கவாட்டில் பாருங்கள். முன்னிருந்து வழவழப்பாகத் தெரிந்த மேகத்தில் தூரிகை இழுத்த வரப்புகளும், சில நேரம் வண்ணத்தில் மாட்டிக்கொண்ட ஒற்றை மயிரும் தெரியும்.

இருந்தாலும் முதலில் போகவேண்டியது அந்த மங்கல் அறைக்குத்தான் என்பது இப்போது என் கட்சி. காகிதத்தில் உள்ள வண்ணத்தை வெளிச்சம் தின்றுவிடும், தின்றது திரும்பாது. நீர்வண்ணங்களின் மேல் ஒளி என்ன செய்கிறது என்பதைச் சோதித்து ரஸ்ஸல், அப்னி இருவரும் 1888-இல் பிரிட்டனில் அறிக்கையே கொடுத்தார்கள். அதனால்தான் மங்கல் அறையில் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சம் மட்டும். சில மாதம் மாட்டியதும் கழற்றி வருஷக்கணக்கில் இருட்டில் வைத்துவிடுவார்கள். வியன்னாவின் அல்பெர்டினா, டியூரர் 1502-இல் வரைந்த முயலை எப்போதாவதுதான் வெளியே எடுக்கிறது. ஹென்றி வான் என்பவரின் உயில்வழி ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடத்துக்கு 1900-இல் வந்த, ஆங்கில ஓவியர் டர்னரின் 38 நீர்வண்ணங்களுக்கு அவர் உயிலிலேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: வெளிச்சம் குறைந்த ஜனவரியில் மட்டும் காட்ட வேண்டும்.

இப்படி ஓர் அறையில் நான் பார்த்த ஒரு நிலக்காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. வானம் முழுக்க செம்பழுப்பு. சரி, சாயங்காலம் போலிருக்கிறது என்று நினைத்தேன். கண் இருட்டுக்குப் பழகின பிறகுதான் ஓரத்தைக் கவனித்தேன். பழைய அட்டைச்சட்டம் மூடியிருந்த இடத்தில் சுண்டுவிரல் அகலத்துக்கு நல்ல நீலம். ஓவியர் வரைந்தது நடுப்பகல். அவுரி நீலம் வெளுத்துப்போய், அதோடு கலந்திருந்த சிவப்பு மட்டும் தங்கிவிட்டது.

ஆக, காகித அறையில் அரைமணி, மிச்சத்தில் பொட்டு வைத்த படங்களோ பதிவு எண்களோ. பேனர் கண்காட்சிக்கு வேறொரு நாள், வாரநாள் காலையில், தொடக்க வாரத்தையும் கடைசி வாரத்தையும் விட்டு. அது தவறினாலும் அடுத்த ஊரில் திறக்கும். டிக்கெட் கவுண்டரில் ‘காகித அறையில் படங்களை எப்போது மாற்றுவீர்கள்?’ என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர் அபூர்வம் போல, நான் கேட்ட இடத்தில் அந்த அம்மா உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்துதான் தேதி சொன்னார்.