கோவளத்தில் மீனைக் கைகாட்டிச் சாப்பிடப் போகிறவர்கள் கவனத்துக்கு

கேரளக் கோவளத்துக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். லைட்ஹவுஸ் பீச்சில் பொழுது சாய்ந்ததும் ஓட்டல் வாசல்களில் மேசை போட்டு, ஐஸ் பரப்பி, மீனை அடுக்கிவைப்பார்கள். நாம் கைகாட்டுகிற மீனை எடைபோட்டு உள்ளே கொண்டுபோய்ச் சமைத்துத் தருவார்கள். எல்லாக் கடையும் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் என்ன மீன், எவ்வளவு எடை, என்ன விலை என்கிற மூன்றுமே அங்கே வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது. ஏமாற்ற நினைக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

அக்காவுக்கு குரூப் 4-இல் வேலை கிடைத்து, முதல் சம்பளம் கைக்கு வந்திருந்தது. அந்தப் பணத்தில் எங்கள் எல்லாரையும் நல்ல இடத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும் என்பது அவள் பல நாள் ஆசை. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். என் காசு போயிருந்தால் விட்டிருப்பேன்.

நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். மீன் தெரியாதவர்கள் இல்லை. அப்பா செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, ஒரு விளைமீனை எடுத்தார். கிலோ என்ன விலை என்று கேட்டோம். “தொள்ளாயிரம் சாரே, குக்கிங் எல்லாம் சேர்த்து” என்றான் வாசலில் நின்ற பையன். தராசில் 1.850 காட்டியது. பாதி வறுவல், பாதி குழம்பு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அக்கா ஸ்டேட்டஸ் போடுவதற்காக அந்த மீனைத் தராசோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்திருந்தாள். பிறகு எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

கேக்கும் அங்கேயே சொல்லியிருந்தோம். ‘வாழ்த்துகள்’ என்று மட்டும் எழுதினால் போதும் என்று தாளில் எழுதியே கொடுத்தாள் அக்கா. ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த பிறகு மூன்று பேர் வந்தார்கள். மேசையில் எனக்கும் அக்காவுக்கும் நடுவே ரோஜா இதழை இதய வடிவில் பரப்பினார்கள். போனில் ஏதோ காதல் பாட்டைப் போட்டுவிட்டு கேக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் ‘ஹேப்பி ஹனிமூன்’ என்று எழுதியிருந்தது! அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். “ஏ நாசமாப் போறவனுவளா, அவ இவனுக்கு அக்காடா!” பக்கத்து மேசைக்காரர்கள் அதற்குள் கைதட்டவே ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஒருவனாவது மன்னிப்புக் கேட்க வேண்டுமே! கேக்கைத் திருப்பி எடுத்துப் போய், எழுத்தைக் கத்தியால் வழித்துவிட்டு அதையே கொண்டுவந்து வைத்தார்கள்.

அடுத்து மீன் வந்தது. மசாலா கனமாக அப்பியிருந்தது. அப்பா ஒரு துண்டைப் பிட்டதுமே நிறுத்திவிட்டார். விளைமீன் சதை வெள்ளையாக, இதழ் இதழாகப் பிரியும். இது உள்ளே கருஞ்சிவப்பாக, இறைச்சி மாதிரி இறுகி இருந்தது. “ஏல, இது சூரைலா!” என்றார். சூரை மட்டமான மீன் என்று நான் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் வாங்குவோம். ஆனால் விளைமீன் விலைக்கு யார் வாங்குவார்கள்? கேட்டால், மசாலா ஊறினால் அப்படித்தான் நிறம் மாறும் என்றார் முதலாளி. நாற்பது வருடமாக மீன் வாங்கிச் சாப்பிடுகிற மனிதரிடம்!

பில் வெள்ளைத்தாளில் கையால் எழுதி வந்தது. மீன் 2.400 கிலோ, கிலோ 1,400 வீதம் 3,360 ரூபாய். குக்கிங் சார்ஜ் 600. பரோட்டா, சோறு, தண்ணீர் எல்லாம் 840. கேக் 900. நாங்கள் கேட்கவே கேட்காத அந்த ரோஜா இதழுக்கு ‘டெக்கரேஷன்’ என்று 500. இந்த 6,200-க்கு மேல் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதையும் சேர்த்து அதன்மேல் ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 7,161.

அம்மா முதலில் பிடித்தது தண்ணீர் பாட்டிலை. எம்ஆர்பிக்கு மேல் போட்டிருந்தார்கள். அதில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது தண்ணீர் பாட்டிலை எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிடிக்க வேண்டியது சர்வீஸ் சார்ஜை. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதையும் கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டி போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறை செல்லும் என்று தீர்ப்புக் கொடுத்தது. இதைச் சொன்னதும் முதலாளி பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டார். அவருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது.

ஜிஎஸ்டி எண் எங்கே என்று அடுத்து கேட்டேன். பில்லில் இல்லை. பதிவு செய்யாத கடை ஜிஎஸ்டி என்று சொல்லி ஒரு ரூபாய் வாங்க முடியாது. மொத்த விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தாங்களே வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற சின்னக் கடைகளுக்கு எண் இருக்கும், ஆனால் அவர்களும் நம்மிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது. எண் கொடுத்தால் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டு அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். அந்த வரியும் போனது.

எடைக்கு அக்காவின் போட்டோவைக் காட்டினோம். 2.400 என்பது 1.850 ஆனது. விலையில்தான் மாட்டிக்கொண்டோம். தொள்ளாயிரம் என்று சொன்ன பையனை அதன்பிறகு வாசல் பக்கமே காணோம். “அவன் புதுசு, ரேட் அறியில்லா” என்று முடித்துவிட்டார் முதலாளி. குக்கிங் சார்ஜும், கேக்கும், டெக்கரேஷனும் அப்படியே நின்றன. கடைசியில் 5,430 ரூபாய் எண்ணிக் கொடுத்தாள் அக்கா.

அதனால் சொல்கிறேன். மீன் உங்கள் கண்ணைவிட்டு உள்ளே போவதற்குள் மீன் பெயர், எடை, விலை, அது கிலோவுக்கா நூறு கிராமுக்கா என்ற கணக்கு, சமையல் கூலி எல்லாவற்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி முதலாளியிடமே கையெழுத்து வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் அடுத்த கடைக்கு நடங்கள். வெறும் தட்டை முதலில் தராசில் வைக்கச் சொல்லிப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை எடையளவுத் துறை முத்திரை வைத்திருக்க வேண்டும், அதையும் கேட்கலாம். முடிந்தால் மீனை வெட்டும்போது கூடவே நில்லுங்கள். முழு மீனாகவே பொரித்துத் தரச் சொன்னால் மாற்றிவைப்பது கஷ்டம். எங்களுக்குத் துண்டு போட்டதுதான் அவர்களுக்கு வசதியாகப் போனது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகார் பதிந்திருக்கிறேன். அடித்துத் திருத்திய பில்லையும் போட்டோவையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். அவர்கள் சமாதானத்துக்கு வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவதாக இருக்கிறோம், அதை இப்போது ஆன்லைனிலேயே செய்யலாம். டெக்கரேஷனுக்கு வாங்கிய அந்த 500 ரூபாயையாவது திரும்ப வாங்காமல் விட மாட்டேன் என்கிறார் அம்மா.