கடை சர்வரில் உபுண்டு: நெட்வொர்க் அமைப்போடு ஆறு வருடம்

2019இல் எங்கள் டிடிபி கடையில் சும்மா கிடந்த ஒரு பழைய கணினியில் உபுண்டு 18.04 சர்வர் (லினக்ஸ் இயங்குதளம்) போட்டேன். எல்லா ஃபைல்களும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. இன்று அதே பெட்டியில் 24.04 ஓடுகிறது. மனதார நல்ல மார்க் போடுவேன். திணற வைத்தது நெட்வொர்க் அமைப்பு ஒன்றுதான்.

எல்லாம் நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவி) ஃபைலில் எழுத வேண்டும். வரிக்கு முன்னால் விடும் இடம் கொஞ்சம் பிசகினாலும் பிழை காட்டும். டேப் தட்டினால் ஏற்காது. மாற்றியதும் 'நெட்பிளான் அப்ளை' கொடுக்காமல் 'நெட்பிளான் டிரை' கொடுங்கள். 120 வினாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். வீட்டிலிருந்து எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய வரம். பழைய வழிகாட்டிகளில் இருக்கும் 'கேட்வே4' வரியை (வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி) மட்டும் இப்போது எழுத வேண்டாம், 22.04 வந்த பிறகு எச்சரிக்கை காட்டுகிறது. 'ரூட்ஸ்' பகுதியில் எழுதுங்கள்.

அதிக நாள் படுத்தியது வேறொன்று. சர்வருக்கு 192.168.1.20 என்று நிலையான முகவரி கொடுத்திருந்தேன். சாயங்காலம் ஆனால் ஃபைல் திறக்காது, காலையில் தானே சரியாகிவிடும். கேபிளை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன். ஒரு மாலை சர்வரின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்துக் கணினியிலிருந்து அந்த எண்ணுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டேன். பதில் வந்தது! மாலையில் வேலைக்கு வரும் தம்பியின் போன் அது. ரவுட்டர் தானாகக் கொடுக்கும் முகவரிகளுக்குள்ளேயே 192.168.1.20உம் இருந்ததால் போனுக்கும் அதையே கொடுத்திருக்கிறது. ரவுட்டரில் அந்த வரம்பை, கடைசி எண் 100 முதல் 200 வரை என்று மாற்றினேன். அன்றோடு தீர்ந்தது.

உபுண்டுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் 'நெட் வரவில்லை' என்று மட்டும் கேட்கிறார்கள். அதை வைத்து யாராலும் உதவ முடியாது. கேட்பதற்கு முன் மூன்று பிங் போட்டுப் பாருங்கள்: ரவுட்டருக்கு, 8.8.8.8க்கு (இணையத்தில் உள்ள கூகுள் சர்வர்), ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. முதலாவதே போகவில்லையா, கேபிளையும் முகவரியையும் பாருங்கள். இரண்டாவதில் நின்றால் கேட்வே அல்லது இணைய இணைப்பு. பெயருக்கு மட்டும் போகவில்லை என்றால் பெரும்பாலும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை). 'ஐபி ஏ' கட்டளை காட்டுவதையும் முழுதாக ஒட்டிக் கேளுங்கள். அதில் 'நோ கேரியர்' என்று இருந்தால் முதலில் கேபிளைச் சரியாகச் செருகுங்கள்.

அப்புறம், போன வருடம் ஒரு கிராபிக்ஸ் கார்டு சேர்த்ததும் நெட்வொர்க் மொத்தமாகப் போனது. ஸ்லாட் வரிசை மாறியதில் நெட்வொர்க் கார்டின் 'இஎன்பி3எஸ்0' என்ற பெயர் 'இஎன்பி4எஸ்0' ஆகியிருந்தது. இப்போது பெயருக்குப் பதிலாக மேக் முகவரியை (கார்டுக்கே உரிய எண்) வைத்து எழுதியிருக்கிறேன். அதன் பிறகு அந்த ஃபைலைத் திறக்கவே இல்லை.