பச்சை மரத்துக்குக் காய்ந்த மரத்தின் அறுப்புக் கூலி

நிலைக்கும் கதவுக்கும் மரம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

தை மாதம் வேங்கைக் கட்டை எடுத்தேன். "ரெண்டு வருஷமா காயுது சார்" என்றார் மரவாடிக்காரர். ஈரம் பார்க்கும் மீட்டரைக் கட்டையின் முனையில் குத்தினார். 14 சதவீதம் காட்டியது. அப்புறம் அறுப்புக் கூலியைக் கன அடிக்கு வழக்கத்தைவிடக் கூட்டிச் சொன்னார். ஏன் என்றதற்கு, "காஞ்ச மரம், ரம்பம் திணறும், கரண்ட் அதிகமா இழுக்கும்" என்றார்.

அவர் சொன்ன காரணம் உண்மைதான். அதனால்தான் ஏமாந்தேன். ஈரம் ஊறிய மர நார் இளகியிருக்கும். ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இறங்க இறங்க நார் இறுகிக்கொண்டே போகும். ரம்பத்தின் ஒவ்வொரு பல்லும் கூடுதல் விசையோடு வெட்ட வேண்டும், மோட்டாருக்கு வேலை கூடும். ஆனால் என் கட்டை ரம்பத்தில் ஏறியபோது சத்தம்கூட மாறவில்லை. "வெண்ணெய் மாதிரி போகுது பாருங்க, மரம் அப்படி" என்று அவரே பெருமையாகச் சொன்னார். திணறும் என்று கூலி வாங்கியவர் ஒரு மணி நேரத்தில் இப்படிச் சொல்கிறாரே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வீட்டில் கார்பெண்டர் அண்ணன் கை மிஷினில் பலகையை நீளவாக்கில் பிளந்தார். தூள் பறக்கவில்லை, ஈரமாகக் கட்டிக்கட்டியாக விழுந்தது, பற்களின் இடுக்கில் அப்பிக்கொண்டது. பாதி தூரத்தில் பலகை பிளேடை இறுக்கிப் பிடிக்க, மிஷின் உறுமி நின்றது, கருகல் வாடை. இளகின மரம் சுலபமாக வெட்டுப்படும், ஆனால் ஈரத் தூள் வெளியேறாமல் அடைத்தால் உரசலிலேயே சக்தியெல்லாம் போய்விடும். அண்ணன் ஒரு பிடி தூளை அள்ளிப் பிசைந்தார். கொழுக்கட்டை மாதிரி நின்றது. விரலெல்லாம் மஞ்சள், வேங்கை ஈரத்தில் அப்படிச் சாயம் விடும். "சார், இது பச்சை மரம்" என்றார்.

சந்தேகம் தீர, பலகையின் நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடை போட்டேன்: 168 கிராம். ஓவனில் 100 டிகிரியைத் தாண்டி வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை காயவைத்தேன்: 128. போன 40 கிராமும் தண்ணீர். காய்ந்த எடைக்குக் கணக்குப் போட்டால் 31 சதவீதம். முனை எப்போதும் முதலில் காயும், அங்கே குத்தினால் மீட்டர் குறைத்துத்தான் காட்டும். முனையிலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளிக் குறுக்காக வெட்டச் சொல்லி, அந்தப் புது வெட்டில் குத்தச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

மரவாடிக்காரரிடம் சண்டை போட்டதில் கூடுதல் கூலி மட்டும் திரும்பி வந்தது. அறுத்த மரத்தை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். பலகைகளுக்கு இடையில் ரீப்பர் கட்டை (மெல்லிய மரச் சட்டம்) வைத்து நிழலில் அடுக்கியிருக்கிறேன். இப்போது வைகாசி. 9 அங்குலப் பலகை கால் அங்குலம் சுருங்கியிருக்கிறது. கன அடிக் கணக்கில் அந்தக் கால் அங்குலத்துக்கும் காசு கொடுத்திருக்கிறேன். அண்ணன் ஆவணிக்கு மேல்தான் கை வைப்பேன் என்கிறார்.