ரிலே மாற்றி மாற்றியே மூன்று கோடை போச்சு

என் பிக்கப் மாதிரியே 2008 மாடல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, 11,000 திர்ஹம் சொல்கிறார்கள், எடுக்கலாமா என்று ரூமில் இருக்கிற மச்சான் ஒருத்தன் கேட்டான். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே எனக்குக் கோபம் வந்துவிடும், அதனால் எழுதிவிடுகிறேன்.

பெட்ரோல் வண்டி, சிங்கிள் கேபின், மேனுவல் கியர். 2014ல் செகண்ட் ஹேண்டில் எடுத்து ஷார்ஜாவில் ஏசி வேலைக்கு ஓட்டுகிறேன். நாலு லட்சம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. அவுட்டோர் யூனிட்டுகளை அடுக்கி ஒரு டன் ஏற்றினாலும் முனகாது. கிளட்ச் ஒரே ஒரு தடவை மாற்றினேன், இன்ஜினைத் திறந்ததே இல்லை, ஆகஸ்ட் மத்தியானத்திலும் கேபினுக்குள் குளிரும் (ஏசிக்காரன் வண்டி, அதில் பாதிப் பெருமை எனக்குத்தான்). இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

இனி ரிலே. பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் கொடுக்கிற, தீப்பெட்டியில் பாதி அளவு இருக்கும் கறுப்பு டப்பி. முதல் தடவை ஷார்ஜாவிலிருந்து தைத் ஊருக்குப் போகிற ரோட்டில் மானத்தை வாங்கியது. மதியம் ஒரு மணி, வெளியே 46 டிகிரி. இங்கே ஜூன் 15லிருந்து செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12.30 முதல் 3 வரை வெயிலில் ஆளை வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அதை என் வண்டியும் தெரிந்து வைத்திருந்த மாதிரி சரியாக அந்த நேரத்துக்கு இழுவை குறைந்து, இரண்டு உதறு உதறி நின்றது. செல்ஃப் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இருபது நிமிஷம் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது.

முதல் கராஜில் கிராங்க் சென்சார் மாற்றினார்கள். அடுத்த கராஜில் இக்னிஷன் காயில். மூன்றாவது ஆள் பெட்ரோல் சரியில்லை என்றார், எந்த பங்க்கிலும் அதே பெட்ரோல்தானே அடிக்கிறேன்! ஒருத்தரும் வோல்டேஜ் பார்க்கிற மீட்டரைக் கையில் எடுக்கவில்லை. சாவியை ஆன் செய்ததும் டாங்க் பக்கம் காதை வைத்தால் இரண்டு செகண்ட் ‘உய்ங்’ என்று பம்ப் சத்தம் வரும், சூடாகி நிற்கும்போது அது வரவில்லை என்று நானேதான் கண்டுபிடித்தேன். ரிலே மேல் விரலை வைத்தேன், சுட்டுவிட்டது. பக்கத்திலேயே ஹார்ன் ரிலே, அச்சு அசல் அதே சைஸ். பிடுங்கி மாற்றிப் போட்டேன், ஓடியது. ஒரு வாரம் ஹார்ன் இல்லாமல் ஓட்டினேன், ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஹார்ன் இல்லாமல் ஓட்டுவது தனிக் கதை.

அதற்கப்புறம் ஐந்து ரிலே. 15 திர்ஹம் டூப்ளிகேட்டில் ஆரம்பித்து 70 திர்ஹம் ஒரிஜினல் வரை. எல்லாம் நன்றாகத்தான் ஓடும், அடுத்த ஜூன் வரை, சிலது அதுவரைகூட இல்லை. வழியில் நின்றால் பக்காலாவில் (இங்கே மளிகைக் கடைக்கு அதுதான் பேர்) ஐஸ் மாதிரி ஒரு லபான், அதாவது மோர் பாட்டில் வாங்கி ரிலே பெட்டி மேல் பத்து நிமிஷம் சாய்த்து வைப்பேன், வண்டி கிளம்பும், அப்புறம் நான் குடிப்பேன். நடுவில் ஒரு கராஜ்காரன் ரிலேயே வேண்டாம் என்று நேரே ஒயர் போட்டு அனுப்பினான். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும், அதற்குத்தான் கம்ப்யூட்டர் ரிலேயைக் கட் பண்ணுகிறது; நேரே ஒயர் போட்டால் எங்கேயாவது மோதிக் குழாய் உடைந்தாலும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மச்சான், யார் சொன்னாலும் அதை மட்டும் செய்யாதே.

கடைசியில் பழைய பார்ட்ஸ் மார்க்கெட்டில் தென்காசிக்காரர் ஒருத்தர், வயசான எலெக்ட்ரீஷியன், நான் ஆறாவது ரிலே கேட்டதும் சிரித்தார். “தம்பி, எத்தனைதான் மாத்துவ? அடியில சாக்கெட்டைப் பாத்தியா?”

பார்க்கவில்லை. மூன்று வருஷமாகப் பார்க்கவில்லை.

ரிலேயைப் பிடுங்கிக் காட்டினார். பம்புக்குக் கரண்ட் போகிற, 87 என்று போட்டிருக்கிற கால் மட்டும் நீலம் பாய்ந்து கிடக்கிறது, அது நுழைகிற ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் டீ கறை மாதிரி பழுத்திருக்கிறது. மறுபடி செருகி இன்ஜினை ஓடவிட்டு, சாக்கெட்டுக்கு அடியில் வரும் ஒயரிலிருந்து போகும் ஒயர் வரை மீட்டர் வைத்தார்: 1.1 வோல்ட் வழியிலேயே வீணாகிறது. அப்புறம் ரிலேயைக் கால் தெரிகிற அளவுக்கு மட்டும் லேசாகத் தூக்கி, கரண்ட் உள்ளே வருகிற 30ஆம் நம்பர் காலுக்கும் 87க்கும் நேரே வைத்தார்: 0.15. அதாவது ரிலே பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. சாக்கெட்டுக்குள் காலைப் பிடித்துக்கொள்கிற உலோகப் பின் இறுக்கம் போய் லூசாகி, மிச்ச வோல்டேஜ் முழுக்க அந்த இடத்தில் எரிகிறது. பம்ப் எவ்வளவு இழுக்கிறது என்று ஃபியூஸ் இடத்தில் பார்த்தால் 9 ஆம்பியர்! 1.1ஐ 9ஆல் பெருக்கு, பத்து வாட். ஊரில் பழைய ஜீரோ வாட் பல்பு தொட்டால் சுடுமே, கிட்டத்தட்ட அந்தச் சூடு ஒரு சின்ன டப்பிக்குக் கீழே. ரிலேக்குள் ஒரு சின்னக் காயில் இருக்கிறது, அது காந்தமாகி சுவிட்சை இழுத்தால்தான் பம்புக்குக் கரண்ட் போகும். சூடு ஏற ஏற அந்தக் காயிலின் செம்புக்கு ரெசிஸ்டன்ஸ் கூடும், 100 டிகிரியில் ஏறக்குறைய முப்பது சதவீதம் அதிகம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜும் இறங்குவதால் காயிலுக்கு இழுக்கத் தெம்பு இல்லை. இருபது நிமிஷம் ஆறவிட்டால் ஏன் கிளம்புகிறது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

பின்னை மாற்றி, தடிமனான ஒயர் போட்டு, இறுக்கக் கிரிம்ப் பண்ணினார். பெட்ரோல் ஃபில்டர் தார் மாதிரி இருந்தது, அதை இழுத்து இழுத்துப் பம்பும் தேய்ந்திருந்தது, இரண்டும் புதுசு. டாங்க் பக்கத்து எர்த் துருவையும் தேய்த்தார். இப்போது பம்ப் 5.5 ஆம்பியர்தான் இழுக்கிறது, ஒயருக்கு ஒயர் 0.12 வோல்ட். மொத்தம் 340 திர்ஹம் ஆச்சு, அதில் அவர் கூலி வெறும் 40. இரண்டு கோடை போயாச்சு, ரிலேயைத் தொட்டால் வெதுவெதுப்புதான்.

வயசான வண்டியில் பின் லூசாவதற்குக் கம்பெனியைத் திட்டுவது நியாயமில்லை, தெரியும். ஆனால் அந்த ரிலே பெட்டியை ரேடியேட்டரின் சூட்டுக்காற்று நேரே அடிக்கிற மூலையில் கொண்டுபோய் வைத்தவன் ஒரு ஜூலை மாசம் இங்கே வந்து ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் பேட்டரிக்குப் பின்னால் ஒரு ஜாண் இடம் சும்மா கிடக்கிறது.

வேண்டாம் மச்சான், அந்த 11,000த்தைப் போடாதே. விற்கிறவன் ரிலே மாற்றியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னால் இன்னும் வேண்டாம். என் வண்டியைக் கேட்டும் ஒருத்தன் போன் பண்ணினான், 13,000 தருகிறானாம். அடுத்த மாசம் முல்கியா (வண்டியின் ரெஜிஸ்ட்ரேஷன் கார்டு) புதுப்பிக்கணும், முன் டயர் இரண்டும் மாற்றணும், அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.