சோதனை ரோவர்: சக்கரம் தங்கம், சீல் தலைவலி

மறுபடியும் முன் வலது சக்கரத்துக்குப் பேரிங் மாற்றியாகிவிட்டது. செயற்கை நிலவு மண் நிரப்பிய தொட்டியில் நாங்கள் ஓட்டுகிற ஆறு சக்கர ரோவரைத்தான் சொல்கிறேன். மோட்டார், பேட்டரி விவரமெல்லாம் வாங்க நினைப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

சக்கரம் அருமை, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. கம்பி வலை என்பதால் உள்ளே புகுந்த மண் தானாகவே உதிர்ந்துவிடுகிறது, சரிவில் ஏறும்போது பிடி விடுவதில்லை, இவ்வளவு ஓடியும் வலை நெளியவில்லை.

கோபமெல்லாம் அச்சில் இருக்கும் சீல் மேல்தான், அதாவது தூசி உள்ளே போகாமல் தடுக்க வேண்டிய வளையம். ஆற்று மணல் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. நிலாவில் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை, விண்கல் துகள்கள் இடித்து நொறுக்கிய கல்லும் கண்ணாடிச் சில்லும் கூர் போகாமல் அப்படியே கிடக்கின்றன. அதைப் போலத் தயாரித்த தூளும் லேசுப்பட்டதில்லை. சீல் மென்மையானது, அதற்குள் சுழலும் அச்சுத் தண்டான ஷாஃப்ட் எஃகு, தேய்ந்தால் சீல்தானே தேய வேண்டும்? ஆனால் தூள் போய் சீலின் விளிம்பில் பதிந்துகொள்கிறது, அப்புறம் அந்த விளிம்பே உப்புத்தாள் மாதிரி ஷாஃப்டை அறுக்கிறது. கழற்றிப் பார்த்தால் ஷாஃப்டைச் சுற்றி ஒரு கோடு, நகத்தை வைத்தால் மாட்டுகிறது. புது சீல் போட்டாலும் அந்தக் கோடு வழியாகவே தூள் இறங்கி, கிரீஸோடு சேர்ந்து சாம்பல் நிறப் பசையாகி, பேரிங்கைத் தின்றுவிடுகிறது. அந்தச் சக்கரத்து மோட்டார் மட்டும் கூடுதல் மின்சாரம் இழுக்கத் தொடங்கினால் கதை ஆரம்பம் என்று அர்த்தம்.

இது யாருக்கும் தெரியாத விஷயமும் இல்லை. 1972 டிசம்பரில் நிலாவில் அப்பல்லோ 17 ரோவரின் பின் மட்கார்டு விண்வெளி வீரர் செர்னனின் சுத்தியல் மாட்டி உடைந்தது, மேலே தூளாகக் கொட்டியதால் நிலவு வரைபடத் தாள்களை டேப் போட்டு ஒட்டி மாற்று மட்கார்டு செய்தார்கள். அடுத்த மாதம் நிலாவில் இறங்கிய சோவியத் ரோவர் லூனோகோட் 2 சுமார் 39 கி.மீ. ஓடியது, கடைசியில் மூடி பள்ளத்துச் சுவரில் இடித்து, அந்த மண் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரில் விழுந்து, சூடு தாங்காமல் நின்றது. செவ்வாயிலாவது அவ்வப்போது காற்று வந்து நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ரோவரின் சூரியப் பலகையைத் துடைத்துக் கொடுத்தது. 2025 மார்ச்சில் நிலாவில் இறங்கிய புளூ கோஸ்ட் தரையிறங்கு கலத்தில் மின்புலத்தால் தூளை உதறிக் காட்டியது உண்மையிலேயே சந்தோஷம், ஆனால் அது வெளிப்பரப்புக்கு. சுழலும் அச்சுக்குள் புகுந்ததை யார் உதறுவது?

விற்றவர்கள் கேட்ட உதிரி பாகத்தை உடனே அனுப்பினார்கள், அதை மறுக்க மாட்டேன். விவரத்தாளில் 'தூசி புகாது' என்று போட்டிருப்பதுதான் எரிகிறது.

வாங்கலாமா என்றால், இவ்வளவு நல்ல சக்கரம் இருந்தும், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். வாங்கியே ஆக வேண்டுமென்றால் சீலோடு ஷாஃப்டையும் உதிரியாகக் கேட்டு வாங்குங்கள், சீலை மட்டும் மாற்றினால் காசு வீண். அப்புறம், பேரிங்கைத் திறக்கும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கும் ஆகாது.