கையேட்டில் குளம் இருந்தது, ஒப்பந்தத்தில் இல்லை: வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்க முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள், கொடுப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளமான பதிவுதான். போனது பதினொரு வருடச் சேமிப்பு என்பதால் சுருக்கிச் சொல்ல மனம் வரவில்லை.

நாங்கள் தேடியது பெரிய வீடு இல்லை. நகரத்துக்குள், கைக்கு எட்டுகிற விலையில், மழை வந்தால் தூக்கம் கெடாத ஒரு பகுதி, அவ்வளவுதான். முன்பு வாடகைக்கு இருந்த தெருவில் முழங்கால் அளவு தண்ணீரில் அம்மாவைக் கைத்தாங்கலாக இரண்டு முறை வெளியே அழைத்துப் போயிருக்கிறேன். அதனால் 'பேரிடரைத் தாங்கும் குடியிருப்பு, நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற விலை' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் அந்த வாரமே மனைவியோடு போய்ப் பார்த்தேன். விலை பக்கத்துப் பகுதிகளைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஏன் குறைவு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். குறைவாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் கேட்கத் தோன்றவில்லை.

பத்து ஏக்கர் வளாகம். வழவழப்பான தாளில் ஒரு கையேடு கொடுத்தார்கள். அதன் 14-ஆம் பக்கத்தில் அரை ஏக்கரில் ஒரு குளம், சுற்றி நடைபாதை, கரையில் மரங்கள். 'எவ்வளவு மழை பெய்தாலும் இந்தக் குளம் வாங்கிக்கொள்ளும்' என்று கீழே எழுதியிருந்தது. குளம் படத்தில் மட்டும் இல்லை, நேரிலும் இருந்தது. தண்ணீர் கிடந்தது, வாத்துகள் நீந்தின. என் மகள் அங்கிருந்து வர மறுத்தாள்.

புரோக்கரிடம், “வெள்ளம் வந்தால் என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

“நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளத்தையே தாங்கும் சார். உங்க பேரன் காலத்துல வந்தா உண்டு” என்றார்.

இந்த 'நூறு வருட வெள்ளம்' என்ற பேச்சில் ஏமாந்தவன் நான் ஒருவன் மட்டும் இருக்க முடியாது. நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பது இதற்கு அர்த்தமே இல்லை. எந்த ஒரு வருடத்திலும் அந்த அளவு வெள்ளம் வர 100-ல் 1 பங்கு வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் அர்த்தம். போன வருடம் வந்ததால் இந்த வருடம் வராது என்று கிடையாது. 30 வருடக் கடன் வாங்கி வீடு கட்டினால், கடன் முடிவதற்குள் குறைந்தது ஒரு முறையாவது அப்படி ஒரு வெள்ளம் வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு. நான்கு பேரில் ஒருவர் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று சொல்லியிருந்தால் நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்து போயிருப்பேன்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருகிறேன். அறுபது பக்கத்துக்கு மேல் இருந்தது. நான் படித்தது விலை, தவணை அட்டவணை, சதுர அடிக் கணக்கு, சாவி கொடுக்கும் தேதி. பின்னால் இணைத்திருந்த வரைபடத்தைப் புரட்டிப் பார்த்ததோடு சரி. அந்த வரைபடத்தில் குளம் இருந்த இடத்தில் குளம் என்ற சொல்லே இல்லை. 'எதிர்கால மேம்பாட்டுக்கான நிலம்' என்று இருந்தது. வேறொரு பக்கத்தில் இன்னொரு வரி: கையேட்டில் உள்ள படங்களும் விவரங்களும் விளக்கத்துக்காக மட்டுமே, அவை இந்த ஒப்பந்தத்தின் பகுதி ஆகாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நடக்கப் போவது அப்படியே தெரிகிறது. நான் சேர்த்துப் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.

முதல் வருடம் எந்தக் குறையும் இல்லை. நான்கு பேருக்கு அந்த இடத்தைப் பரிந்துரைகூட செய்தேன், அதில் ஒருவர் வாங்கியும் விட்டார். அவரை இன்று படியில் பார்த்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை.

இரண்டாவது வருடம் மண் லாரிகள் வந்தன. அலுவலகத்தில் கேட்டபோது குளத்தைத் தூர்வாரி ஆழப்படுத்துகிறோம் என்றார்கள். தூர்வாருகிறவர்கள் மண்ணை வெளியே கொண்டுபோவார்கள், இவர்கள் உள்ளே கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதத்தில் குளம் தரையாகிவிட்டது. அப்புறம் தூண் இறக்கும் இயந்திரம் வந்தது. இரண்டாம் கட்டக் கட்டுமானம் என்று பலகை வைத்தார்கள்.

அந்த மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. இரண்டாவது இரவு இரண்டு மணி வாக்கில் கீழ்வீட்டுப் பெரியம்மா கதவைத் தட்டினார். வாசல் வழியாகத் தண்ணீர் வருவதற்கு முன்பே அவர் வீட்டுக் கழிவறைக் கோப்பை வழியாகச் சாக்கடை பொங்கி ஏறியிருந்தது. கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்க ஒரு வால்வு பொருத்துவார்கள். எங்கள் கட்டடத்தில் அது இல்லை. கட்டும்போதே போட்டிருந்தால் பெரிய செலவு கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம் தருகிறது. மின்சாரப் பலகை அறை, ஜெனரேட்டர், குடிநீர் ஏற்றும் மோட்டார், தண்ணீரை வெளியேற்றும் பம்ப், நான்கையும் தரைக்குக் கீழே, கார் நிறுத்தும் தளத்தில் வைத்திருந்தார்கள். வாகன நிறுத்தத்தின் சாய்தளம் வழியாகத் தண்ணீர் இறங்கிய அரை மணி நேரத்தில் நான்கும் ஒன்றாக மூழ்கின. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓட வேண்டும், அது தண்ணீருக்குள். தண்ணீரை இறைக்க பம்ப் ஓட வேண்டும், அதுவும் தண்ணீருக்குள். லிஃப்ட் நின்றது. ஐந்தாவது மாடிக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஒன்பது நாள் அப்படியே இருந்தோம். முழங்கால் வலியுள்ள அம்மா அந்த ஒன்பது நாளும் கீழே இறங்கவில்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாளும் அதில் கடந்துபோனது.

அந்த இருட்டில் எங்களைக் காப்பாற்றியது எதிர்வீடும் மேல்வீடும்தான். கீழ்த்தளத்தில் இருந்த ஆறு குடும்பங்களையும் மேலே இருந்தவர்கள் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். இளைஞர்கள் பக்கத்துத் தெரு அடிகுழாயிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். 1995 ஜூலையில் சிகாகோவில் வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, வறுமையில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்த பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளில்கூட சாவு எண்ணிக்கை பெரிதும் வேறுபட்டதை எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆட்கள் நடமாடும் தெருவும், கடைகளும், ஒருவரையொருவர் விசாரிக்கும் பழக்கமும் இருந்த இடங்களில் முதியவர்கள் பிழைத்தார்கள். எங்கள் வளாகத்தில் தாங்குதிறன் என்று ஒன்று இருந்தது என்றால் அது இதுதான். அதை எந்த பில்டரும் எங்களுக்கு விற்கவில்லை.

மூன்றாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர் தண்ணீர். பத்து ஏக்கருக்கு 40 லட்சம் லிட்டர். மண் தரையாக இருந்தால் ஒரு பங்கு உள்ளே இறங்கும். முழுக்கக் கான்கிரீட்டும் தரை ஓடுகளும் பதித்திருந்தால் கிட்டத்தட்ட அத்தனையும் வழிந்து ஓடத்தான் வேண்டும். அரை ஏக்கரில் இரண்டு மீட்டர் ஆழமுள்ள ஒரு குளம் எவ்வளவு பிடிக்கும்? அதுவும் 40 லட்சம் லிட்டர். யாரோ ஒருவர் சரியாகக் கணக்குப் போட்டுத்தான் அந்தக் குளத்தை முதலில் வரைந்திருக்கிறார். அதை மூடியவர்களுக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருக்கும்.

வளாகத்தின் வடிகால் வெளியே ஒரு கால்வாயில் போய்ச் சேர்கிறது. பெருமழையில் கால்வாயின் நீர்மட்டம் எங்கள் தரையைவிட உயர்ந்துவிட்டால், அதே குழாய் வழியாகத் தண்ணீர் எங்களை நோக்கி வரும். வடிகால் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அது எங்கே முடிகிறது, முடியும் இடம் உங்கள் தரையைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அங்கேயே யோசியுங்கள்.

கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்க முடியும். வெள்ளத்துக்குப் பிறகு ஓர் இரவு உட்கார்ந்து எங்கள் இடத்தைத் தேடினேன். குளம் மட்டும் இல்லை, எங்கள் கட்டடம் நிற்கிற இடமே மழைக்காலப் படங்களில் தண்ணீராக இருந்தது. பத்து நிமிட வேலை. வாங்குவதற்கு முன் அந்தப் பத்து நிமிடத்தை நான் சமையலறைத் தரைக்கு என்ன நிறம் என்று யோசிப்பதில் செலவழித்தேன்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கங்கள் நிரம்பின. அவை நிரம்பினால் தண்ணீர் தேங்க வேண்டிய பரப்பிலேயே ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டி விற்கப்பட்டிருந்தன. வாங்கியவர்களில் பலருக்கு அது தெரியாது. சில மனைப்பிரிவு வரைபடங்களில் சிறிய எழுத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது. எங்கள் 'எதிர்கால மேம்பாட்டுக்கான நிலம்' போலத்தான். ஜப்பானில் 2020 ஆகஸ்டிலிருந்து, வீடு விற்கும் முகவர் அந்த வீடு வெள்ள அபாய வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டி விளக்கியே தீர வேண்டும், அது சட்டம். உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: இந்த மனையில் இதற்கு முன் தண்ணீர் நின்றிருக்கிறதா? வாயால் 'இல்லை' என்பவர்கள்கூட எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைக் கவனியுங்கள்.

மலிவு என்று சொன்னதும் நிற்கவில்லை. வீட்டுச் செலவு வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் இருந்தால் தாங்கலாம் என்பது பலர் சொல்லும் அளவுகோல். சிகாகோவில் உள்ள சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி என்ற அமைப்பு போக்குவரத்துச் செலவையும் சேர்த்து 45 சதவீதம் என்று பார்க்கிறது. அதுதான் நியாயமான கணக்கு என்று இப்போது எனக்குப் படுகிறது. எங்களுக்குத் தவணை மட்டும் பார்த்தால் 30-க்குள் அடங்கியது. நடக்கும் தூரத்தில் வரும் என்ற ரயில் நிலையம் வரவில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போக இரண்டு வண்டி வேண்டியதாயிற்று. வெள்ளத்துக்குப் பிறகு மின்பலகையை மேலே ஏற்ற ஒவ்வொரு வீட்டிலும் தனியாகப் பணம் வசூலித்தோம், ஏனென்றால் பராமரிப்புக்கென்று எங்களிடம் வாங்கிய மொத்தத் தொகையை பில்டர் இன்னும் சங்கத்திடம் ஒப்படைக்கவில்லை. காப்பீட்டிலும் அடி. 'தண்ணீரால் ஏற்படும் சேதம்' என்று பத்திரத்தில் இருந்தது குழாய் வெடிப்பதற்காம், வெள்ளம் தனியாம். இதை எல்லாம் கூட்டினால் நாங்கள் 50 சதவீதத்தைத் தாண்டிவிட்டோம்.

வீடு பார்க்கப் போனால் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். மதில் சுவரின் அடிப்பகுதியில் கறைக்கோடு இருக்கிறதா, பக்கத்து வீடுகளில் மின்மீட்டரை எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பல வருடம் தண்ணீர் பார்த்தவர்கள் மீட்டரைத் தாழ்வாக மாட்டமாட்டார்கள். வாயிற்காவலரிடமும், எதிரே நெடுநாளாகக் குடியிருப்பவரிடமும் பேசுங்கள். விற்பனை அலுவலகத்தில் இருப்பவருக்கு உங்கள் வீட்டில் தண்ணீர் வந்தால் நஷ்டம் இல்லை, இவர்களுக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. மின்பலகையும் ஜெனரேட்டரும் எங்கே இருக்கின்றன என்று நேரில் இறங்கிப் பாருங்கள். கையேட்டில் உங்களுக்குப் பிடித்த ஒவ்வொன்றும் ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். குளம், பூங்கா, திறந்தவெளி, இவை குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவான சொத்து என்றும் இவற்றில் கட்டடம் வராது என்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இதற்கென்று ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணம், எங்கள் மின்பலகைக்கு நான் கொடுத்த பங்கைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

நாங்கள் எண்பத்தாறு குடும்பங்கள் சேர்ந்து புகார் கொடுத்திருக்கிறோம். கையேட்டின் அசலைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் ஒன்பது பேர்தான். அதனால் நீங்கள் ஏற்கெனவே வாங்கியிருந்தால் கையேடு, விளம்பரத் தாள், புரோக்கர் அனுப்பிய குறுஞ்செய்தி எதையும் தூக்கிப் போடாதீர்கள், தேதியோடு எடுத்து வையுங்கள். இரண்டாம் கட்ட வீடுகளுக்கு இப்போது முன்பதிவு நடக்கிறது. போன ஞாயிறு ஒரு தம்பதி மாதிரி வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். கையில் புதிய கையேடு. வாங்கிப் பார்த்தேன். 14-ஆம் பக்கத்தில் அதே குளம். அவர்களை அழைத்துப்போய் அந்த இடத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் மூன்றாவது மாடியைக் காட்டினேன்.