பாகத்தை மாற்றும் முன் அளந்து பார்க்கும் பட்டறை

நீலகிரியில் டீசல் பிக்கப் வைத்திருந்து, ஏற்றத்தில் இழுவை குறைந்துவிட்டது என்ற கவலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குன்னூரிலிருந்து அருவங்காடு செல்லும் சாலையை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு சிறிய டீசல் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. நான் பார்த்த பட்டறைகளில், கோளாறு எங்கே என்று கண்டுபிடித்த பிறகே ஸ்பேனரைத் தொடும் இடம் இது ஒன்றுதான்.

வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது என் கொழுந்தன். கேத்தி பாலாடாவில் கழுவிய கேரட்டை விடியலுக்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டு, திரும்பும்போது கோழி எருவோ உர மூட்டையோ ஏற்றி வருவோம். இறக்கத்தில் இன்ஜினுக்குப் பெரிய வேலை இல்லை. சோதனை எல்லாம் திரும்பி வரும்போதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வருவதற்குள் சுமார் 1,500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். பர்லியார் தாண்டியதும் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தாலும் வண்டி தளர்ந்துபோகும், இன்ஜின் விளக்கு எரியும். ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டால் கொஞ்ச தூரம் நன்றாக ஏறும். பிறகு அதே கதை. கொண்டை ஊசி வளைவில் பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, லோடு வண்டி நின்றுபோவது எவ்வளவு ஆபத்து என்பது இந்தச் சாலையில் ஓட்டுபவர்களுக்குத் தெரியும்.

இதற்கு முன் காட்டிய ஓர் இடத்தில் மலைக்காற்று மெல்லியது, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். காற்று மெல்லியது என்பது உண்மை. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பழைய டீசல் இன்ஜின்கள் இங்கே திணறுவது அதனால்தான். ஆனால் டர்போ அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். தவிர, உயரம்தான் காரணம் என்றால் ஊட்டியில்தான் வண்டி மிக மோசமாக இருக்க வேண்டும், பர்லியாரில் இல்லை. இன்னோர் இடத்தில் ஸ்கேனரை மாட்டி, பி0087 என்று வந்த குறியீட்டைப் பார்த்ததும் உயர் அழுத்த பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். அந்தக் குறியீட்டின் பொருள் காமன் ரெயிலில், அதாவது டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாயில், டீசல் அழுத்தம் குறைவு என்பது மட்டுமே. பம்ப் தேய்ந்தாலும் வரும், ஃபில்டர் அடைத்தாலும் வரும், இன்ஜெக்டர் கசிந்தாலும் வரும், பம்புக்கு டீசலே வந்து சேராவிட்டாலும் வரும்.

இந்தப் பட்டறையில் என்ன செய்தார்கள் என்பதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கே வண்டியைக் கொடுத்தாலும் இந்த வரிசை உங்களுக்குப் பயன்படும்.

முதல் வேலை கேள்வி. "கரும்புகை வருகிறதா, அக்கா?" என்று மெக்கானிக் கேட்டார். ஓட்டுபவன் பக்கத்தில் நிற்கும்போதும் என்னைப் பார்த்துக் கேட்டதை நான் கவனித்தேன். பட்டறைகளில் எனக்கு அது அரிது. புகையே இல்லை என்றேன். இழுவை குறைந்து கரும்புகையும் வந்தால், பெரும்பாலும் காற்றுப் பக்கத்தில் கோளாறு: ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸ் கிழிசல், டர்போ, திறந்தபடி சிக்கிக்கொண்ட இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடுவது). புகையில்லாமல் இழுவை குறைந்தால் டீசல் போதவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். இதை அவரே பொறுமையாக விளக்கினார்.

பிறகு சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து, நான்கு சக்கரங்களின் நடுவிலும் கையை அருகில் வைத்து வெப்பம் பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும் இன்ஜின் பலம் போய்விட்டது போலத்தான் தெரியும். கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் சுற்று ஏறும், வேகம் ஏறாது. இரண்டும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே பானெட்டைத் திறந்தார்.

அடுத்து ஸ்கேனரை மாட்டி, எரு மூட்டைகளை இறக்காமலே பர்லியார் வரை போய் ஏறி வந்தார்கள். நானும் உடன் போனேன். வண்டியின் கணினி கேட்கும் ரெயில் அழுத்தம், உண்மையில் கிடைக்கும் அழுத்தம் இரண்டும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. நின்றபடி ஓடும்போது இரண்டும் ஏறத்தாழ 300 பார். ஏற்றத்தில் கணினி 1,300 கேட்கிறது, கிடைப்பதோ 800க்குச் சரிகிறது. உடனே விளக்கு எரிந்து இன்ஜின் தன்னைப் பாதுகாத்துக்கொள்ளப் பலத்தைக் குறைத்துக்கொண்டது. டர்போ அழுத்தம் மட்டும் சரியாகவே இருந்தது. பட்டறையில் நிறுத்திவைத்து எத்தனை முறை ரேஸ் கொடுத்தாலும் இது தெரிந்திருக்காது, ஏனென்றால் லோடு இல்லாத இன்ஜினுக்கு அவ்வளவு டீசல் தேவையே இல்லை.

இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களில் சிறு பாட்டில்களைக் கட்டி ஓடவிட்டார். நான்கிலும் ஒரே அளவு, எதுவும் கூடுதலாகக் கசியவில்லை. ஆகவே இன்ஜெக்டர்கள் தப்பித்தன. ஃபில்டருக்கு முன்னால் வரும் குழாயில் உறிஞ்சும் அழுத்தம் காட்டும் ஒரு மீட்டரை இணைத்தார். எங்கள் வண்டியில் டாங்குக்குள் மின்பம்ப் கிடையாது, இன்ஜினில் இருக்கும் பம்பே டீசலை உறிஞ்சி எடுக்க வேண்டும். ரேஸ் கொடுக்கக் கொடுக்க மீட்டர் முள் அளவுக்கு மீறி ஏறியது. ஃபில்டருக்கு முன்பே இழுக்கத் திணறுகிறது என்றால் அடைப்பு டாங்கு பக்கம். அதோடு விடவில்லை. ஒரு கேனில் சுத்தமான டீசலை நிரப்பிக் கட்டி, டாங்கை விலக்கிவிட்டு, அதே லோடோடு அதே ஏற்றத்தை ஏற்றிக் காட்டினார். வண்டி தளராமல் குன்னூர் வந்து சேர்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை பெரிய தொகை சொன்ன பம்ப் நன்றாகவே இருந்தது.

டாங்கை இறக்கினால் அடியில் கறுப்பு நிறத்தில் வழவழப்பான கசடு, உறிஞ்சு குழாயின் வடிகட்டியில் அப்பிக்கொண்டிருந்தது. டாங்கின் அடியில் தேங்கும் நீருக்கும் டீசலுக்கும் இடையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து உண்டாக்குவது இது. பனியும் குளிருமான இரவில் பாதி காலியான டாங்கின் உள்சுவரில் ஈரம் படிந்து நீராக இறங்குகிறது என்றார். சாவியை அணைத்ததும் சரியானதற்கும் காரணம் புரிந்தது. உறிஞ்சுதல் நின்றதும் கசடு வடிகட்டியை விட்டு நழுவிவிடும், மறுபடி ஏற்றத்தில் இழுக்கும்போது வந்து ஒட்டிக்கொள்ளும்.

டாங்கு, குழாய்கள், வடிகட்டி எல்லாம் சுத்தம், புதிய டீசல் ஃபில்டர், சோதனைக் கூலி. எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கையால் எழுதிய பில். பழைய ஃபில்டரையும் எங்களிடமே கொடுத்தார். பம்ப் மாற்றச் சொன்ன தொகையில் இது ஒரு சிறு பங்குகூட இல்லை.

குறைகளும் உண்டு. டாங்கை இறக்கினால் இரவு தங்க வேண்டியிருக்கும் என்பதை முன்பே சொல்லியிருக்கலாம். அன்றைய கேரட்டை வேறு வண்டியில் அனுப்ப நேர்ந்தது. இரண்டு வண்டிக்கு மேல் நிறுத்த இடமில்லை, மழையில் நிற்க ஒதுக்கிடமில்லை, தொலைபேசியை எடுப்பதும் அரிது. இன்ஜெக்டரையோ பம்பையோ இங்கே பிரிக்க மாட்டார்கள். அதற்கான சோதனைக் கருவி இல்லாததால் கோயம்புத்தூருக்கு அனுப்புகிறார்கள். அதை நேர்மை என்றே எடுத்துக்கொள்கிறேன். அவசரம் என்று கெஞ்சினாலும் வரிசையை மாற்ற மாட்டார்கள்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், வண்டியை லோடோடு கொண்டு போங்கள், விளக்கு எரிந்தால் குறியீட்டை வேறு யாரிடமும் அழிக்கக் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் இப்போது மாலையிலேயே டாங்கை நிரப்பிவிடுகிறோம், ஃபில்டருக்கு அடியில் தேங்கும் நீரை அவ்வப்போது திறந்து வடித்துவிடுகிறோம்.